எந்த பைபிள், யார் வாயால், எந்த வயதுப் பிள்ளைக்கு?

2024 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலக் கல்வித் துறை ஒரு டெண்டர் விட்டது. அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்கு 55,000 பைபிள் வேண்டும். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். தோல் அட்டை, இல்லையென்றால் தோல் மாதிரியாவது இருக்க வேண்டும். அதே புத்தகத்துக்குள் அமெரிக்க அரசியல் சட்டம், சுதந்திரப் பிரகடனம், உரிமைகள் சாசனம், கொடி முன் சொல்லும் உறுதிமொழி எல்லாமும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். டெண்டர் விவகாரங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இதைப் படித்ததுமே ஒரு சிரிப்பு வரும். இத்தனையும் பொருந்தி வருகிற பைபிள் கடையில் எத்தனை இருக்கும்? பத்திரிகைக்காரர்கள் தேடினார்கள். டொனால்டு டிரம்ப் விளம்பரம் செய்து 59.99 டாலருக்கு விற்ற பதிப்பு கச்சிதமாகப் பொருந்தியது. சத்தம் கிளம்பியதும் துறை நிபந்தனைகளைத் தளர்த்தியது.

கேலியை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், மொத்த விவாதமும் அந்த டெண்டருக்குள்ளேயே இருக்கிறது. 'கிங் ஜேம்ஸ்' என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பெயர் சொல்லிக் கேட்டவுடனே அரசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அது புராட்டஸ்டண்டுகளின் பைபிள். கத்தோலிக்கர் அதைத் தங்கள் பைபிள் என்று கொள்வதில்லை. யூதர்களுக்கோ அதன் பின்பகுதியான புதிய ஏற்பாடு வேதமே அல்ல.

'பள்ளியில் பைபிள்' என்றதும் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். இப்போதைய தொலைக்காட்சிச் சண்டைகளைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். சண்டையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அது கிறிஸ்தவர்களுக்குள்ளேயே தொடங்கிய சண்டை.

முதலில் இரண்டு சொற்கள்

நம்மூரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருந்தால் பெரும்பாலும் அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அமெரிக்காவில் நேர் எதிர்: மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இலவச அரசுப் பள்ளிக்குத்தான் அந்தப் பெயர். அந்த நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கேதான் படிக்கிறார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் உண்டு. அதனால் இது வாஷிங்டனில் ஒரு தடவை தீர்த்து முடிக்கிற சிக்கல் இல்லை, ஊருக்கு ஊர் புதிதாக முளைக்கும். தேவாலயம் நடத்தும் தனியார் பள்ளியில் பைபிள் பாடம் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. தகராறு அரசுப் பள்ளியில் மட்டும்.

இரண்டாவது சொல், பைபிள். 'பைபிள்' என்று ஒரே ஒரு புத்தகம் இல்லை. இது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு வீட்டில் 'பரிசுத்த வேதாகமம்' இருக்கும், அடுத்த வீட்டில் 'திருவிவிலியம்' இருக்கும். புராட்டஸ்டண்டு பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73. யூதர்களின் வேதம் எபிரேய நூல்களோடு முடிந்துவிடும், அதிலும் நூல்களின் வரிசை வேறு. 'பழைய ஏற்பாடு' என்ற பெயரே கிறிஸ்தவர்கள் வைத்தது. யூதருக்கு அது பழையதும் இல்லை, அதற்குப் பிறகு புதியதும் இல்லை.

பத்துக் கட்டளைகளைக்கூட எல்லோரும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. சிலை செய்து வணங்காதே என்பது பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளுக்குத் தனி இரண்டாம் கட்டளை. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதை முதல் கட்டளைக்குள் அடக்கிவிட்டு, பிறர் உடைமைக்கு ஆசைப்படாதே என்ற கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரிப்பார்கள். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். 1859-இல் பாஸ்டன் நகரத்து எலியட் பள்ளியில் ஒரு கத்தோலிக்கப் பையன் புராட்டஸ்டண்டு முறையில் கட்டளைகளைச் சொல்ல மறுத்தான் என்று ஆசிரியர் அவன் கையிலேயே பிரம்பால் விளாசினார். வழக்கு நீதிமன்றம் போனது, ஆசிரியர் விடுதலையானார்.

விளக்கம் சொல்லாமல் படி

பொதுப் பள்ளிகள் பரவத் தொடங்கியது 1830-களில். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதை முன்னின்று நடத்திய ஹோரேஸ் மன், சபைச் சண்டை பள்ளிக்குள் வரக் கூடாது என்று ஒரு வழி சொன்னார்: பைபிளை வாசிக்கலாம், ஆனால் ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. நூல் தானே பேசட்டும்.

கேட்க நடுநிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதத்தை யாருடைய உரையும் இல்லாமல் ஒவ்வொருவரும் தானே படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதே புராட்டஸ்டண்டு கொள்கைதான். திருச்சபையின் விளக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது கத்தோலிக்க நிலை. எனவே 'விளக்கம் இல்லாமல்' என்ற அந்த விதியே கத்தோலிக்கப் பிள்ளைக்கு எதிரான விளக்கமாகிவிட்டது. இந்த விவாதம் முழுக்க இதே கதை திரும்பத் திரும்ப வரும். பெரும்பான்மையோருக்கு நடுநிலையாகத் தெரிவது பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கு அப்படித் தெரியாது.

அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கர்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கிய காலம் அது. பிலடெல்பியாவின் ஆயர் பிரான்சிஸ் கென்ரிக், எங்கள் பிள்ளைகள் எங்கள் மொழிபெயர்ப்பை வாசிக்க விடுங்கள் என்று கேட்டார். ஊரில் அது 'கத்தோலிக்கர்கள் பள்ளியிலிருந்து பைபிளையே தூக்கப் பார்க்கிறார்கள்' என்ற வதந்தியாகத் திரிந்தது. 1844 மே மாதம் கலவரம் வெடித்து, செயின்ட் மைக்கேல், செயின்ட் அகஸ்டின் என்ற இரண்டு கத்தோலிக்கத் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். ஜூலையில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு. உயிர்ப்பலி இரண்டு தடவையும். கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டதற்கு இந்த அனுபவங்கள் ஒரு முக்கியக் காரணம்.

சின்சினாட்டி நகரப் பள்ளி வாரியம் 1869-லேயே பைபிள் வாசிப்பை நிறுத்திவிட்டது. ஓஹையோ உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றமும் 1890-இல் பள்ளியில் பைபிள் வாசிப்பது ஒரு சபையின் போதனைதான் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்கள் கத்தோலிக்கப் பெற்றோர்கள். பைபிளை வெளியேற்றியது 1960-களின் நாத்திகர்கள் என்று சொல்வோர் இந்த இரண்டு தீர்ப்புகளையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1791-இல் ஏற்கப்பட்ட முதல் திருத்தத்தில் மதம் பற்றிய பகுதி ஒரே வரி, ஆனால் அதற்கு இரண்டு கால்கள். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது. மக்கள் தங்கள் மதத்தைக் கடைப்பிடிப்பதை அரசு தடுக்கவும் கூடாது. பள்ளி வழக்குகளில் இந்த இரண்டு கால்களும் ஒன்றையொன்று தட்டிவிடும். மாணவி வகுப்பில் ஜெபம் செய்தால் அது அவள் உரிமை. ஆசிரியர் எல்லோரையும் எழுப்பி ஜெபம் சொல்ல வைத்தால் அது அரசு செய்வது.

தொடக்கத்தில் இந்தத் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாசசூசெட்ஸில் 1833 வரை அரசு ஆதரவு பெற்ற திருச்சபையே இருந்தது. 1940-களில்தான் உச்ச நீதிமன்றம் இந்த வரியை மாநிலங்களுக்கும் பொருத்தியது. அதற்குப் பிறகுதான் பள்ளி வழக்குகள் வாஷிங்டனுக்கு வரிசையாக வரத் தொடங்கின. 1948-இல் பள்ளிக் கட்டடத்துக்குள் மத வகுப்பு நடத்தக் கூடாது என்றார்கள். 1952-இல், பெற்றோர் அனுமதியோடு பள்ளி நேரத்தில் வெளியே போய் மத வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். 1962-இல் நியூயார்க் மாநில அதிகாரிகளே எழுதிக் கொடுத்த ஜெபம் அடிபட்டது.

பெரிய தீர்ப்பு 1963-இல் வந்தது. பென்சில்வேனியா சட்டப்படி ஒவ்வொரு நாள் காலையிலும் பள்ளியில் பைபிளிலிருந்து பத்து வசனம் வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லாமல். (ஹோரேஸ் மன் நினைவுக்கு வருகிறாரா?) அபிங்டன் ஊரில் எல்லரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவன், 1956 நவம்பரில் ஒரு நாள் அந்த நேரத்தில் குர்ஆனை எடுத்துத் தனக்குள் வாசித்தான். தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பினார்கள். அவன் முஸ்லிம் அல்ல. யூனிட்டேரியன் என்ற சிறு சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். வழக்குப் போட்டார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மாநிலம் சட்டத்தைத் திருத்தியது: பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளை வெளியே போய் நிற்கலாம். ஷெம்பின் அப்பா அப்படி எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார். பிள்ளையை வராந்தாவில் நிறுத்தினால் மற்றவர்கள் அவனை ஒரு விசித்திரப் பிறவியாகப் பார்ப்பார்கள் என்றார். கம்யூனிஸ்ட் பயம் பிடித்து ஆட்டிய காலம், மதச் சடங்கில் நிற்காதவனைத் தேசத்துரோகியாகப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. 'விருப்பமில்லாதவர்கள் வெளியே போகலாமே' என்று இன்றும் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தகப்பன் சொன்னதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு ஷெம்ப் பக்கம் வந்தது. பள்ளி நடத்தும் பைபிள் வாசிப்பு செல்லாது. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி டாம் கிளார்க் அதே தாளில் இன்னொன்றும் எழுதினார். பைபிள் அதன் இலக்கிய, வரலாற்றுச் சிறப்புகளுக்காகப் படிக்கத்தக்கது. மதச்சார்பற்ற கல்வியின் ஒரு பகுதியாக, சாய்வில்லாமல் கற்பித்தால் அதற்குத் தடை எதுவும் இல்லை. பைபிளைப் பள்ளியிலிருந்து துரத்திய தீர்ப்பு என்று பெயர் வாங்கியதே, பைபிளைப் பாடமாக வைக்க வழிகாட்டிய தீர்ப்பும்.

மாணவர்களின் உரிமையும் அப்படியேதான் இருக்கிறது. இடைவேளையில் பைபிள் படிக்கலாம், தனக்குள் ஜெபிக்கலாம், மற்ற மன்றங்களுக்கு இடம் தரும் உயர்நிலைப் பள்ளியில் பைபிள் மன்றமும் வைத்துக்கொள்ளலாம்.

பைபிளைக் கற்பிப்பதும் பைபிளைப் பற்றிக் கற்பிப்பதும்

தமிழ் வகுப்பில் தேவாரமும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் படித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டாம். அணி, சந்தம், சொற்பொருள் கேட்டார்கள், மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் வாங்கினோம். யாரும் மதம் மாறவில்லை. இலங்கையில் படித்தவர்களுக்கு அனுபவம் வேறு. அங்கே சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம், பௌத்தம் என்று சமயமே ஒரு பாடம். அவரவர் சமயத்தை அவரவர் படிப்பார்கள். அமெரிக்கச் சட்டம் அந்த இரண்டாவது வழியை அரசுப் பள்ளிக்கு மூடிவிட்டு, முதல் வழியை மட்டும் திறந்து வைத்திருக்கிறது.

அந்த வழி தேவை என்று வாதிடுபவர்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது. 1858-இல் ஆபிரகாம் லிங்கன் 'தனக்குள்ளே பிளவுபட்ட வீடு நிலைக்காது' என்றபோது கூட்டத்துக்கு அது இயேசுவின் சொல் என்று தெரியும். மார்ட்டின் லூதர் கிங் நீதி தண்ணீராய்ப் புரண்டு வரட்டும் என்றபோது அவர் வாயால் பைபிளின் ஆமோஸ் தீர்க்கதரிசி பேசினார். அடிமைகளைத் தப்பவைத்துக் கூட்டிப்போன ஹேரியட் டப்மனை 'மோசே' என்று அழைத்தார்கள்; எகிப்திலிருந்து புறப்பட்ட கதை தெரியாதவனுக்கு அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. அடிமை முறை சரி என்று வாதாடிய பாதிரியார்களும் அதே பைபிளைத்தான் கையில் வைத்திருந்தார்கள். இதெல்லாம் தெரியாமல் அமெரிக்க வரலாறு படித்தால் பாதி புரியாது. ஜார்ஜியா 2006-இலும் டெக்சாஸ் 2007-இலும் உயர்நிலைப் பள்ளியில் விருப்பப் பாடமாக பைபிளை வைக்கச் சட்டம் இயற்றின. 1999-இல் பல சமய, கல்வி அமைப்புகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வழிகாட்டி ஒன்றும் இருக்கிறது. மாணவருக்கு மதத்தை அறியத் தரலாம், ஏற்கச் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம்.

ஏட்டில் அழகாக இருக்கிறது. வகுப்பறையில் என்ன ஆகும்?

ஏசாயா நூல், ஏழாம் அதிகாரம், 14-ஆம் வசனம். தமிழ் வேதாகமத்தில் 'ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி' என்று வரும். எபிரேய மூலத்தில் இருக்கும் 'அல்மா' என்ற சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள். பிற்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்று பெயர்த்தது. மத்தேயு நற்செய்தி அந்தக் கிரேக்க வடிவத்தை எடுத்துக்கொண்டு இயேசுவின் பிறப்போடு பொருத்தியது. இயேசுவின் வருகையை முன்னுரைத்த வசனம் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. அந்தக் காலத்து ஆகாஸ் அரசனுக்குச் சொன்ன சேதி, அவ்வளவுதான் என்பது யூதர் பொருள் கொள்ளும் விதம். ஆசிரியர் பதினாறு வயதுப் பிள்ளைகள் முன்னால் நிற்கிறார். இரண்டையும் சொல்லி, எது சரி என்று சொல்லாமல் அடுத்த பக்கம் போக வேண்டும். ஒரு மாணவி கை தூக்கி, 'நீங்கள் எதை நம்புகிறீர்கள்?' என்று கேட்பாள். அதற்கும் நழுவ வேண்டும். எபிரேயம் தெரியாத, சமய ஆய்வில் பயிற்சி இல்லாத, ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவாலயத்தில் பாடம் எடுக்கிற ஆசிரியரிடம்தான் பல ஊர்களில் இந்த வகுப்பு போய்ச் சேருகிறது. அவர் கெட்ட எண்ணக்காரர் இல்லை. பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏன் இப்போது மறுபடியும்?

2022-இல் வாஷிங்டன் மாநிலத்து பிரெமர்டன் ஊரின் அரசுப் பள்ளி அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரின் வழக்கு. ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்தவர். ஆறுக்கு மூன்று என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. தீர்ப்பைவிட அதிலிருந்த அளவுகோல் முக்கியம். அரசின் செயலுக்கு மதச்சார்பற்ற நோக்கம் உண்டா, மதத்தை வளர்க்கிறதா என்று 1971 முதல் கேட்டுவந்த 'லெமன் சோதனை'யை நீதிமன்றம் கைவிட்டு, நாட்டின் வரலாறும் மரபும் என்ன சொல்கின்றன என்று பார்க்கச் சொன்னது. வகுப்பறையில் பத்துக் கட்டளைகளை மாட்டக் கூடாது என்ற 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு லெமன் சோதனையின் மேல்தான் நின்றது. அஸ்திவாரமே ஆடிவிட்டது, வீடும் விழும் என்று சில மாநிலங்கள் கணக்குப் போட்டன.

2024 ஜூனில் லூசியானா எல்லா வகுப்பறைகளிலும் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. எந்தச் சொற்கள் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள், பலகையின் குறைந்தபட்ச அளவு 11-க்கு 14 அங்குலம் என்பது உட்பட. நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்குப் போட்ட பெற்றோர்களில் போதகர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆர்கன்சாஸும் டெக்சாஸும் அதே மாதிரிச் சட்டங்களோடு வந்தன.

டெக்சாஸ் கல்வி வாரியம் 2024 நவம்பரில் எட்டுக்கு ஏழு என்ற வாக்கில் இன்னொரு காரியமும் செய்தது. மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான, பைபிள் கதைகள் கலந்த வாசிப்புப் பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கட்டாயம் இல்லை, எடுத்துக்கொள்ளும் மாவட்டத்துக்கு மாணவர் ஒருவருக்கு 60 டாலர் வரை கூடுதல் பணம். பணத்துக்குத் திண்டாடும் மாவட்டத்துக்கு இது எவ்வளவு 'விருப்பம்' என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் உட்காருவது இந்த மாநிலத்து வகுப்பறைகளில்தான். உயர்நிலைப் பள்ளி விருப்பப் பாடத்தை நான் ஆதரிப்பேன், இதை ஆதரிக்க மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கதைக்கும் உண்மைக்கும் இடையே கோடு கிடையாது. டீச்சர் சொன்னால் அது நடந்தது.

ஓக்லஹோமாவுக்கு வருவோம். மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் ரயன் வால்டர்ஸ் 2024 ஜூனில் ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பைபிளைப் பாடத்தில் சேர்க்க ஆணையிட்டார். டிரம்ப் பதிப்பில் ஐந்நூற்றுச் சொச்சம் பிரதிகள் வாங்கினார்கள். 2025 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு வாங்குவதை நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வால்டர்ஸ் பதவி விலகினார், அடுத்து வந்தவர் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

யூட்டாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. பள்ளி நூலகங்களிலிருந்து ஆபாசப் புத்தகங்களை எடுக்க 2022-இல் சட்டம் வந்தது. கடுப்பான ஒரு பெற்றோர், அந்தச் சட்டப்படி பார்த்தால் பைபிளிலும் ஆபாசம் இருக்கிறது என்று மனுப் போட்டார். டேவிஸ் பள்ளி மாவட்டம் 2023-இல் சின்ன வகுப்பு நூலகங்களிலிருந்து பைபிளை எடுத்தேவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு ஜூன் மாதம் திரும்ப வைத்தது.

டேட்டன் என்று ஓர் ஊர்

டென்னசி மாநிலத்தில் ரே கவுண்டியின் தலைநகர் டேட்டன். பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது 1925-இல் வழக்கு நடந்த ஊர். பைபிள் சொல்லும் படைப்புக் கதைக்கு மாறாகப் பாடம் நடத்தியது குற்றம், அபராதம் 100 டாலர். அரசுத் தரப்பில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், எதிர்த் தரப்பில் கிளாரன்ஸ் டாரோ. தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள் பிரையன் அதே ஊரில் இறந்துபோனார். அவர் பெயரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி எழுந்தது.

அந்தக் கல்லூரி மாணவர்கள் ஐம்பது ஆண்டுகளாக வாரம் ஒரு தடவை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் அரை மணி நேரம் பைபிள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நற்பண்பு வகுப்பு என்று பள்ளி நிர்வாகம் சொன்னது. ஒரு வீட்டார் பெயரை மறைத்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். ஊர் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பைபிள் கதைகளை உண்மை என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று 2002-இல் நீதிமன்றம் கண்டது, வகுப்பை நிறுத்தியது. 2004-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

டேட்டன் நீதிமன்றத்துப் புல்வெளியில் 2005-இல் பிரையனுக்குச் சிலை வைத்தார்கள். டாரோவுக்கு அங்கே இடம் கிடைக்க 2017 வரை ஆனது.